தடுப்பைத் தூக்கியவர்

துபாய் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, நடுப்பகல் வெயிலில் சாலைக்குக் குறுக்கே கிடந்த ஒரு சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கம்பம். ஆக்லாந்துக்கு வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் அங்கே பணக்காரர் வீடுகளில் லிப்ட் திருத்தினேன். மதில் சூழ்ந்த அந்தக் குடியிருப்புகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வாயிலிலிருந்து ஏதாவது ஒரு வீட்டின் லிப்ட் வரைக்குமான பாதைதான். அதைத் தாண்டிக் கால் வைக்க அனுமதிச் சீட்டு இடம் தராது.

ஓர் ஆகஸ்ட் மாதம், கடலோரக் குடியிருப்பு ஒன்றில் சமையல் வேலை செய்த, என் நாட்டுக்காரியான மன்னார்ப் பெண் லிப்டுக்குள் அகப்பட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர்கள் விடுமுறைக்காக விமானத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவளே கைப்பேசியில் எங்கள் அலுவலகத்தை அழைத்தாள். கடல் தெரிய வேண்டுமென்று வெளிச்சுவரை ஒட்டிக் கட்டிய கண்ணாடி லிப்ட் அது. உள்ளே மின்விசிறி நின்றுவிட்டது. வெயில் நேராக அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

வாயில் காவலர் திருநெல்வேலிக்காரர், என்னைவிட மூத்தவர். போகும்போதெல்லாம் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அன்று கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்டுக்காரங்க ஓகே குடுக்கல தம்பி. ஃபோனும் போகல. ரெஸ்க்யூ வண்டிக்குச் சொல்லியாச்சு, வந்துரும்."

"அது வாறதுக்குள்ள அவ செத்துப்போவா, அண்ணை."

அலுவலகம் அவளது அழைப்பை என் கைப்பேசிக்கு இணைத்திருந்தது. அதன் ஒலியைக் கூட்டி அவர் முன்னால் நீட்டினேன். மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அவர் குனிந்து, "அம்மா, நான் பேசுறது கேக்குதா?" என்றார். வெகு நேரம் கழித்து, "ஓம்" என்றது அந்தக் குரல்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினார். கம்பம் மேலே போனது.

நல்லவேளை, சமையலறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. லிப்டைத் தாங்கும் எண்ணெயின் வால்வைத் திறந்து அதை மெல்ல இறக்கினேன். கதவின் கைப்பிடி தொட முடியாமல் கொதித்தது. சரிந்து கிடந்தவள், முகத்தில் தண்ணீர் பட்டதும் கண் திறந்தாள். பிறகுதான் மீட்பு வண்டி வந்து அவளை ஏற்றிச் சென்றது.

மறுநாள் காவல் நிறுவனத்து அதிகாரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, உன்னை உள்ளே விட்டது யார் என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் மட்டும் திறக்காவிட்டால் அந்தப் பெண் இன்று இல்லை என்று பெருமையாகவே சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து வாயிலில் வேறொருவர் நின்றார். தொழிலாளர் விடுதியைத் தேடிப் போனேன். காவலர் அண்ணை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டது, விடிந்தால் ஊருக்கு விமானம். காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு பொழைச்சுதா தம்பி? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஓம் அண்ணை. சுகமா இருக்கிறா."

தலையாட்டிவிட்டுப் பெட்டியின் பட்டியை இறுக்கினார். நான் சொல்லப் போனதைச் சொல்லவே இல்லை.

போன வாரம் ஆக்லாந்தில், கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டுக்கு லிப்ட் திருத்தப் போனேன். காவலும் இல்லை, தடுப்பும் இல்லை. வீட்டுக்காரி வேலையிடத்திலிருந்து பேசினாள்: சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது, திறந்துகொண்டு போங்கள். உள்ளே விட்டது யார் என்று இங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை. அது தெரிந்தும், பூட்டில் வைத்த சாவியைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.