கண்டக்டர் காளீஸ்வரனின் ஆய்வேடு

காளீஸ்வரனுக்கு நாற்பத்தாறு வயதில் அடிக்குறிப்பின் மீது காதல் வந்தது. ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். மகள் மதுரைக் கல்லூரி விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட, தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தார். பரீட்சைகளை எப்படியோ தாண்டிவிட்டார். கடைசியில் அறுபது பக்கத்துக்கு ஆய்வேடு ஒன்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். பஸ்ஸைப் பற்றி என்றால் அறுநூறு பக்கம் எழுதுவேன் என்று மனைவி துர்காதேவியிடம் சொன்னார்.

பத்தே நாளில் எழுதியும் விட்டார். அவருக்கு வழிகாட்டி ஜெயப்பிரியா. இருபத்தெட்டு வயது; ராமநாதபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர். 'உலகம் தோன்றிய காலந்தொட்டு மனிதன் பயணம் செய்துகொண்டே இருக்கிறான்' என்ற முதல் வரியை அவர் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'யார் பார்த்தது?' என்று எழுதியிருந்தார். 'நம் பகுதி மக்கள் பேருந்தில் பண்போடு நடப்பவர்கள் என்பது அனைவரும் அறிந்ததே' என்பதற்கு, 'அனைவரும் என்றால் எத்தனை பேர்?' நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் காளீஸ்வரன் சொந்தமாக ஒரு கவிதை சேர்த்திருந்தார். அதன் பக்கத்தில் எதுவும் எழுதாமல் மேலிருந்து கீழாக ஒரே கோடு.

வேறு ஆளாக இருந்தால் நொந்து போயிருப்பார். காளீஸ்வரனுக்கோ இரண்டு பீடா போட்டதுபோல் கிறுகிறுவென்று வந்தது. ஒரு விஷயத்தைச் சொன்னால் எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும்! இத்தனை வருடம் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று திரும்பும் ட்ரிப் முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். உச்சிப்புளியில் இறங்க வேண்டியவர்களை இறக்காமல் விசில் ஊதிவிட்டார்.

அன்றிலிருந்து யாரும் அவரிடம் சும்மா எதையும் சொல்ல முடியவில்லை. பாம்பன் பாலத்தில் எப்போதும் அரைமணி நேரம் வீணாகிறது என்று டிரைவர் முனியசாமி அலுத்துக்கொண்டார். காளீஸ்வரன் ஒரு வாரம் செல்போனில் நேரம் பார்த்து, சராசரி ஒன்பது நிமிடம்தான் என்று அறிவித்தார். முனியசாமி இரண்டு நாள் பேசவில்லை. தெருவே தன் புதுச்சேலையைப் பார்த்தது என்று துர்காதேவி சொன்னபோது, எத்தனை வீட்டில் கேட்டாய் என்றார். மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் துர்காதேவி நிதானமாகச் சொன்னாள்: "இன்னைக்கு நான் சமைக்கல. ஆதாரம் வேணும்னா அங்கன அடுப்பு இருக்கு, போய்ப் பாருங்க."

அறுபது பக்கத்தையும் தூரப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு வரச் சொன்னார் ஜெயப்பிரியா. மூன்று நாள் யோசித்துக் காளீஸ்வரன் கண்டுபிடித்தார். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அன்னக்கூடையோடு ஏறி ராமநாதபுரம் மார்க்கெட்டில் இறங்கும் மீன்காரப் பெண்கள் ஏன் எப்போதும் பஸ்ஸின் பின்பக்கமே போகிறார்கள்? காற்றுக்காகத்தான் என்பது அவருடைய கருதுகோள். அந்தச் சொல்லே அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டிக்கெட் கிழிக்கும்போதும் அதை முணுமுணுத்தார்.

இரண்டு மாதம் எண்ணினார். எண்பது ட்ரிப், முந்நூற்றுப் பதினொரு பெண்கள். முன்பக்கம் உட்கார்ந்தவர்கள் நான்கே பேர். முன்னால் இடம் காலியாகக் கிடந்த நாளிலும் அப்படித்தான். அடுத்தது கேள்வித்தாள். மீன்காரப் பெண்களில் ஒருவரான தங்கச்சிமடம் சவேரியம்மாள் முன்னால் நின்று, தாங்கள் பேருந்தின் பிற்பகுதியைத் தெரிவு செய்வதற்கான காரணம் யாது என்று வாசித்தார். சவேரியம்மாளுக்கு விளங்கவில்லை. சாதாரணமாகக் கேட்டார். அந்தம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீங்கதான மீன்கூடையெல்லாம் பின்னாடி போன்னு சத்தம் போடுறிய. இப்ப நீங்களே வந்து ஏன்னு கேக்குறிய."

கூட்டம் இருந்தால் மட்டும்தான் அப்படிச் சொல்வேன் என்று காளீஸ்வரன் சாதித்தார். சாதித்த கையோடு, அதற்கும் ஆதாரம் வேண்டுமே என்று சட்டைப்பையில் செல்போனை ஓடவிட்டு ஒரு நாள் முழுவதும் தன் குரலைப் பதிவு செய்தார். வீட்டில் துர்காதேவியோடு உட்கார்ந்து கேட்டார். 'மீன்கூடை பின்னாடி' பதினொரு தடவை வந்தது. டிக்கெட் கணக்கோடு ஒப்பிட்டால், அதில் ஏழு தடவை பஸ் பாதிக்கு மேல் காலி. முதல் தடவை இருவரும் சிரித்தார்கள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்து, இதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"சார், இதுதான் உங்க ஆய்வு. இதை விட்டா மிச்சம் இருக்கிறது வெறும் பஸ்தான்."

எழுதினார். 'மீன் விற்கும் பெண்கள் பின்னால் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர்.' ஜெயப்பிரியாவின் சிவப்பு மை கேட்டது: 'யாரால்?' நடத்துநரால் என்று சேர்த்தார். 'எந்த நடத்துநர்?' சம்பந்தப்பட்ட பேருந்தின் நடத்துநர் என்றார். தாள் மறுபடி திரும்பி வந்தது. ஐந்தாவது முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, 'அப்படிச் சொன்னவன் இந்த ஆய்வைச் செய்யும் நானே' என்று எழுதினார். அதை எழுதியதும் நெஞ்சிலிருந்து என்னவோ கழன்று விழுந்தது. அதற்கப்புறம் பேனா நிற்கவே இல்லை. மூன்றாம் அத்தியாயம், நான்காம் அத்தியாயம், அடிக்குறிப்பு நாற்பத்தொன்று. விடிகாலை முதல் ட்ரிப்புக்குக் கிளம்பும்போது காற்றில் நடப்பதுபோல் இருந்தது அவருக்கு.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். இப்போதும் அப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டார். நிறுத்தி இருபத்து மூன்று நாளாகிறது, விவரம் மூன்றாம் பின்னிணைப்பில் இருக்கிறது என்றார் காளீஸ்வரன். முன்பக்கம் உட்கார வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மூக்கைப் பொத்தி இடம் மாறிய பயணிகள் எட்டு. முறைப்படி புகார் சொன்னவர் இருவர். நகரை மீன் என்ன விலை என்று கேட்டவர்கள் பத்தொன்பது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எண்பத்தொரு மதிப்பெண்.

பைண்டு செய்த பிரதி கைக்கு வந்த அன்று, கேள்வித்தாளுக்குப் பதில் சொன்ன முப்பத்தாறு பெண்களும் சேதி கேட்டுப் பாம்பன் நிறுத்தத்தில் கூடி, அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். முனியசாமி தானாகவே இஞ்சினை அணைத்தார். காளீஸ்வரன் படிக்கட்டில் நின்று வாசித்தார். 'பதிலளித்தவர் பதினான்கு' சொன்ன இடம் வந்ததும், முன்சீட்டிலிருந்த சவேரியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது நான் சொன்னதுதான. எம்பேரு எப்பய்யா பதினாலாச்சு?"

ஆய்வில் பெயரை மறைப்பதுதான் முறை, அது உங்கள் பாதுகாப்புக்கு என்று அவர் விளக்கினார். யாரும் கேட்பதாயில்லை. முப்பத்தாறு பேருக்கும் பெயர் வேண்டுமாம். கடைசியில் அவரவர் சம்மதத்தோடு நன்றியுரைப் பக்கத்தின் ஓரத்தில், ஆடாமல் நின்ற பஸ்ஸில், பேனாவால் ஒவ்வொரு பெயராக எழுதினார். மார்க்கெட்டுக்குப் போக அன்றைக்கு இருபது நிமிடம் தாமதம்.