பாதிப் பீப்பாய்

கல்யாணமான மறுவருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பல்பொடிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். சீமைச்சுண்ணாம்புத் தூள், உப்பு, கிராம்பு, கற்பூரம் எல்லாவற்றையும் இரும்புப் பீப்பாயில் கொட்டி மூடிச் சுற்ற வேண்டும். பீப்பாயின் இரு பக்கமும் கைப்பிடி. ஒன்று எனக்கு, மற்றது பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்காவுக்கு.

ஒரு மழைக்காலத்தில் கடைகளிலிருந்து பொட்டலங்கள் திரும்பி வந்தன. ஒன்று நாக்கைச் சுட்டதாம், இன்னொன்று வெறும் சுண்ணாம்பாம். அக்கா பேசிக்கொண்டே சுற்றுவதால்தான் சரியாகக் கலக்கவில்லை என்று முதலாளி அவரை நிறுத்திவிட்டார். நானும்தான் பேசினேன். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு பொட்டலம் மடிக்கிற ஒரு பெண்ணோடு சுற்றும்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். பீப்பாய் நிறைய இருந்தால் உள்ளே சத்தமே இல்லை. சாயங்காலம் மிச்சத் தூளைப் போட்டுச் சுற்றும்போது மட்டும் சரசரவென்று சரிந்து விழுந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாய்வரை சுண்ணாம்புத் தூளை நிரப்பி, மேலே இரண்டு கை காவிப்பொடி போட்டு, அவளோடு எப்போதும்போல் சுற்றினேன். திறக்கும்போது முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா இது, அவ்வளவு தூளையும் பாழாக்கிட்டியே?"

"கையை உள்ள விட்டுப் பாருங்கய்யா. மேல சிவப்பு, அடியில வெள்ளை. ரொப்பிட்டா புரள இடமில்ல. யார் சுத்தினாலும் இப்படித்தான் வரும்."

பாதியை வெளியே அள்ளிவிட்டு, மேலே மறுபடி இரண்டு கை காவிப்பொடி போட்டுச் சுற்றினேன். இந்த முறை அடிவரை ஒரே ரோஜா நிறம். அவர் கையை விட்டு அடிவரை துழாவினார். பாதி பாதியாகப் போட்டால் வேலை இரண்டு மடங்காகுமே என்றார். ஆகட்டும், அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்று போய்விட்டார். மூன்று நாள் காலையில் அவர் மேஜை முன்னால் நின்று அதையே கேட்டேன். நான்காம் நாள், வரச்சொல் என்றார்.

அன்று மாலையே பாலக்கரைக்குப் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எல்லாரும் கேக்கத்தானே என்னைப் போகச் சொன்னாரு? அப்படியே கூப்பிடட்டும், வரேன்."

மறுநாள் வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. பொட்டலம் மடிக்கிற பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து வந்தார்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. பீப்பாயை ரொப்பினதுதான் தப்பு. உள்ள வாங்க."

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். அன்றைக்கு எட்டுத் தடவை சுற்றினோம். இருவருக்கும் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பேச்சை மட்டும் குறைக்கவில்லை.