கயாக்கில் நான் போட்ட முடிச்சு

அன்று நான் என் மனைவியை உப்பங்கழியில் பறிகொடுத்திருப்பேன். காற்றால் வந்த வினை என்று அவளுடைய ஊரில் இன்றும் சொல்கிறார்கள். காற்று பாதிதான். மீதிப் பாதி நான் போட்ட ஒரு முடிச்சு.

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். அவள் மரக்காணத்துப் பக்கம், கழியை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவள். இரண்டு வீடும் வேதக்கார வீடு என்பதால் இரண்டு ஊர் பங்குச் சாமியாரும் பேசி முடித்த சம்பந்தம். அப்போது கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். வந்தவாசி, தெள்ளார், திண்டிவனம் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால், அந்த வீட்டில் எனக்கு ஒரே பெயர்தான்: பட்டு மாப்ள. கரையில் நின்று நான் வேட்டியை மடித்துக் கட்டினாலே போதும், அவளுடைய அண்ணன் ஆரம்பித்துவிடுவார்.

"தள்ளி நில்லுங்க மாப்ள. பட்டு நனைஞ்சா சாயம் போயிடும்."

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாமியார் வீட்டில் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? சோற்றில் காட்டுவேன். இன்னும் இரண்டு கரண்டி போடச் சொல்வேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த ஊரில் நாய்க்குட்டிக்கும் தெரிந்த செய்தி.

மச்சானிடம் ஒரு கயாக் இருந்தது. கடற்கரைச் சாலையில் மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டிலிருந்து வாங்கி வந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் படகு, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் அதன் முதுகின் மேல் உட்கார வேண்டும். கழியில் நண்டு பிடிக்க அதைவிட வசதி கிடையாது. சத்தமில்லை, எண்ணெய்ச் செலவில்லை, முழங்கால் ஆழத்திலும் போகும். ஈஸ்டர் முடிந்த வாரம் நாங்கள் போயிருந்தோம். தவக்காலம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் இருந்தவள், வந்த மறுநாளே நண்டு பிடிக்கக் கிளம்பினாள். மச்சான் வேறு வேலையாக வெளியே போயிருந்தார்.

"நானும் வரேன்," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாத்தானா?"

"ஏன், நான் வந்தா நண்டு ஓடிடுமா?"

நண்டு பிடிக்கும் விதம் எளிது. இரும்பு வளையத்தில் வலையைக் கட்டி, நடுவில் மீன் தலையை இறுக்கி வைத்து, கயிற்றில் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கயிற்றின் மேல் நுனியில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் மிதக்கும். சற்று நேரம் கழித்துத் தூக்கினால், தின்ன வந்த நண்டு வலையோடு மேலே வரும். ஆறு வளையம், ஆறு கயிறு, ஆறு பாட்டில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகக் கிடக்கும்.

அந்தத் தனித்தனிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டுக்குள் மீன் தலைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கரையில் அந்தக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நுனி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கிடந்தது. தறியில் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றோடொன்று முடிந்து பிணைத்தவன் நான். எங்கள் வீட்டில் ஒரு நுனி சும்மா கிடந்தால் யாரோ வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். கை சும்மா இருக்கவில்லை. பாட்டில்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஆறு கயிற்றையும் வரிசையாக ஒன்றோடொன்று கோத்தேன். கடைசி நுனியைப் படகின் இடது பக்கம், நடுவில் இருந்த கைப்பிடியில் கட்டினேன். ஒரு வளையம்கூடத் தொலையாது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

தண்ணீரில் இறக்கும்போதுதான் அவள் பார்த்தாள்.

"இன்னாங்க இது, சங்கிலி மாதிரி கோத்து வெச்சிகினு?"

"ஒண்ணும் தொலையக் கூடாது இல்ல?"

"நண்டுகிட்டயும் நெய்யறவரு புத்திதானா?" என்று சிரித்தாள். "சரி போவட்டும், ஒரே மூச்சுல தூக்கிடலாம்."

கடைசி நுனி படகோடு கட்டியிருப்பதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அது சாயங்காலம் அவள் அண்ணன் காதுக்குப் போகும், அடுத்த பதினைந்து வருஷத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும். மிச்சக் கயிறு நீளமாகத் தண்ணீரில் கிடந்ததால் படகும் தாராளமாக அசைந்துகொண்டிருந்தது.

முதல் தடவை தூக்கியதில் ஐந்து நண்டுகள் கிடைத்தன, கறுத்த பெரிய கழி நண்டுகள். கொடுக்குகளைச் சணலால் கட்டுவது என் வேலை. "இது மட்டும் எங்க அண்ணன விட நல்லா கட்றீங்க," என்றாள். ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். வளையங்களை மறுபடி தண்ணீரில் இறக்கினோம். லைஃப் ஜாக்கெட்டை நான் மட்டும்தான் போட்டிருந்தேன். அவள் தன்னுடையதை மடித்துக் கீழே போட்டு மேலே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரில் பிறந்தவளுக்கு எதற்கு அது என்பது அவள் கட்சி. சுடிதாருக்கு மேல் என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள்.

வெயில் ஏறியதும் காற்று கிளம்பியது. தெற்கிலிருந்து வந்தது. முதலில் என் தொப்பி போனது. பிறகு தண்ணீரின் முகமே மாறிப்போனது. தண்ணீர் வடிகிற நேரம் வேறு. கழித் தண்ணீர் மொத்தமும் கிழக்கே முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. அதற்கப்பால் கடல். காற்றும் இழுப்பும் மோதுகிற இடத்தில் அலைகள் குட்டையாக, நெருக்கமாக எழுந்தன.

"போதும். தூக்கிகினு கெளம்பலாம், ஜல்தி," என்றாள்.

படகு இழுப்போடு போனது. போன வேகத்தில் சட்டென்று நின்றது. மிச்சக் கயிறு தீர்ந்துவிட்டது. கீழே ஆறு இரும்பு வளையமும் சேற்றில் பிடித்துக்கொள்ள, கயிறு விறைத்து, படகு குறுக்கே திரும்பி, இடது பக்கம் தண்ணீருக்குள் அமிழத் தொடங்கியது.

"எங்க மாட்டிகினு இருக்குது? இன்னாது இது?" என்று கத்தினாள்.

எனக்குத் தெரியும். 'நான்தான் கட்டியிருக்கிறேன், அறு' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் பார்ப்பதற்குள் அவிழ்த்துவிடலாம் என்று, வாயைத் திறக்காமல் இடது பக்கம் குனிந்தேன். ஏற்கெனவே அமிழ்ந்துகொண்டிருந்த பக்கத்தில் என் பாரமும் சேர்ந்தது. கயாக் புரண்டுவிட்டது.

உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் புகுந்தது. ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே விட்டது. கவிழ்ந்த படகின் மஞ்சள் அடிப்பகுதி கண்ணெதிரே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்த நேரத்தில் வந்த பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. பிறகு மறுபக்கத்தில் அவள் தலை தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது.

"தோள் போச்சிங்க," என்றாள். புரளும்போது துடுப்போடு கை முறுக்கிக்கொண்டு வலது தோள் விலகிவிட்டது. கை தொங்கியது. இடது கையால் மட்டும் படகின் அடியை அணைத்துக்கொண்டு மிதந்தாள். அவள் உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு நிறமாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

கயிறு இன்னும் படகை விடவில்லை. ஒவ்வொரு அலைக்கும் படகின் ஒரு பக்கம் உள்ளே போய் வந்தது. அதோடு அவளும் உள்ளே போய் மூச்சுத் திணறி வந்தாள். இன்னும் எத்தனை முறை அவள் பிடியை விடாமல் இருப்பாள்? நான் தண்ணீருக்கடியில் கையை விட்டு முடிச்சைத் தடவினேன். நனைந்து, இறுகி, கல்லாகக் கிடந்தது. ஒரு பட்டு இழையில் நான் போட்ட முடிச்சு எதுவும் இன்றுவரை அவிழ்ந்ததில்லை. அதையும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

"நான்தான் கட்டினேன். படகோட கட்டிட்டேன்," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "அவுக்காதீங்க. அறுங்க. கத்தி பின்னாடி சாமான் வெக்கிற குழிவுல, கயித்துல தொங்கினு இருக்கும்."

கயாக் கவிழ்ந்திருப்பதால் அந்தக் குழிவு இப்போது தண்ணீருக்கடியில். தலையை உள்ளே விட்டால்தான் கை எட்டும். ஜாக்கெட்டோ என்னை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. குளியலறையில் வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றினாலே மூச்சை இழுத்துப் பிடிக்கிறவன் நான். முதல் முறை போய்ப் பாதியிலேயே வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. அடுத்த அலையில் அவள் பிடி நழுவி, மறுபடி எட்டிப் பிடித்தாள். எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் மூன்றாம் முறை போனேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்து என்னையே கீழே இழுத்து, விரல்களால் துழாவினேன். மெல்லிய கயிறு ஒன்று தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன், கத்தி வந்தது.

அதை இழுத்து எடுத்துக்கொண்டு மேலே வந்து, கைப்பிடியில் நான் கட்டிய கயிற்றை அறுத்தேன். நைலான் கயிறு லேசில் அறவில்லை. அது அறுந்ததும் படகு ஒரு குதி குதித்து விடுபட்டது. வளையங்கள், நண்டுகள் எல்லாம் கழிக்குப் போயின.

இப்போது எங்களைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. இழுப்பு கிழக்கே கொண்டுபோனது. முகத்துவாரத்தில் அலை உடைகிற சத்தம் கேட்டது. வடக்கே ஒரு மணல் திட்டு தெரிந்தது. தூரம் அதிகமில்லை. நீச்சல் தெரிந்தவனுக்கு அதிகமில்லை.

"நீங்க ஜாக்கெட் போட்டுகினு இருக்கீங்க," என்றாள். "படகு எனக்கு இருக்கட்டும். நீங்க காத்து தள்ற பக்கம் போயிடுங்க. போயி ஆள கூட்டினு வாங்க."

"வாய மூடு," என்றேன். பதினைந்து வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அவள் முதுகுப் பக்கம் போய், என் பழைய சட்டையின் காலரை வலது கையால் சுருட்டிப் பிடித்தேன். இடது கையால் படகின் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். அவள் நெஞ்சைப் படகின் அடிப்பகுதியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு காலை உதைத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை தறிக்குழியில் மாற்றி மாற்றி மிதிக்கிற கால்கள்.

"எதுத்து ஒதைக்காதீங்க," என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். வலியில் குரல் கிழிந்தது. "காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கமே. திட்ட பாக்காதீங்க, அதுக்கு மேக்கால பாத்து ஒதைங்க. இழுப்பே கொண்டாந்து வுட்டுடும்."

உதைத்தேன். இடது, வலது, இடது, வலது. தொடையில் நெருப்புப் பற்றியது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது; பிடித்த காலோடு உதைத்தேன். திட்டு நகர்ந்து நகர்ந்து மேற்கே போவதுபோல் தெரிந்தது; உண்மையில் நாங்கள்தான் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். அவள் பேச்சு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. "பேசு," என்றேன். "என்னைத் திட்டு. இன்னா வேணா பேசு." மாதாவே மாதாவே என்று மட்டும் முணுமுணுத்தாள். ஜெபமா வலியா தெரியவில்லை. குரல் வந்தவரைக்கும் எனக்குப் போதும்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சொல்கிறவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். திட்டின் கடைசி முனையில், அதைத் தாண்டினால் கடல் என்கிற இடத்தில், அவள் தலையைத் தூக்கி, "போதுங்க, தரை வந்துடுச்சி," என்றாள்.

நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். முழங்கால் மணலில் தேய்ந்துகொண்டிருந்தது.

"தரைங்க. நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. அவளை மேலே இழுத்துப்போட்டு, பக்கத்தில் விழுந்தேன். அந்த வெயிலிலும் அவளுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

கரையிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மச்சான் மோட்டார் படகில் இரண்டு பேரோடு வந்துவிட்டார். தண்ணீரில் குதித்து ஓடி வந்தவர், தங்கையின் தோளைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

"காத்து அடிக்கிற நேரத்துல நீச்சல் தெரியாத ஆளு எதுக்குயா போற? எப்டி கவுந்துது?"

"நான்தான் கவுத்தேன்," என்றேன். "கயித்த எல்லாம் ஒண்ணா சேத்து படகுல கட்டினேன். அவகிட்ட சொல்லல."

அவர் கை ஓங்கினார். நான் விலகவில்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். என்ன நினைத்தாரோ, கையை இறக்கிவிட்டுக் குனிந்து தங்கையின் கால்களைப் பிடித்தார். மற்ற இருவரும் இடுப்பைத் தாங்கினார்கள். ஆனால் தூக்க முடியவில்லை. ஏதோ தடுத்தது.

"கைய வுடுயா," என்றார் மச்சான்.

"வுட்டுட்டேன்," என்றேன்.

விடவில்லை. அவளுடைய சட்டைக் காலர் இன்னும் என் வலது கையில் சுருண்டு கிடந்தது. விரிக்கப் பார்த்தேன், விரல்கள் கேட்கவில்லை. மச்சான் பொறுமையிழந்து என் விரல்களைப் பிரிக்கக் கையை நீட்டினார்.

"இருண்ணே," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே. "அவரே வுடுவாரு. இரு."

மூன்று பேரும் அவளைத் தாங்கியபடி அப்படியே காத்துக்கொண்டிருந்தார்கள்.