பேசக்கூடாத பெட்டி

"ரயில்வேக்காரனுக்கு ஓசிப் பயணம் கிடைக்குதில்ல, அது வீணாப் போயிடக் கூடாதேன்னு புத்தி கலங்கின பொண்டாட்டியை ஊர் ஊரா இழுத்துக்கிட்டு அலையிறான்" என்று ஏவர்ட்டைப் பற்றி அமர்ஸ்ஃபோர்ட் ஊரில் ஒரு பேச்சு. யார் வாயில் முளைத்ததோ தெரியாது. சந்தையில் மீன் கடைப் பக்கம் கிளம்பி, பக்கத்து வீட்டுக் கோரியின் காதில் விழுந்து, மகள் மார்லூஸ் வழியாக அவரிடமே வந்து சேர்ந்தது. ஏவர்ட் கோபப்படவில்லை. "ஓசிதான். உத்தியோகத்துல இருந்தவரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். இப்ப உட்கார்ந்து போறேன். இதுல அவங்களுக்கு எங்க வலிக்குது?" என்றார்.

பனை மாதிரி உயரம். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் டை இல்லாமல் நிலையத்துக்குள் கால் வைக்க மாட்டார். யாரோ பாதி சாத்திவிட்டுப் போன கதவை முழுதாகச் சாத்துவார். ரயில் நகரும் நொடியில் அவருடைய உதடு தானாகக் குவியும். ஊதல் மட்டும் இருக்காது. கண்டக்டராக இருந்த நாளில் ஒலிபெருக்கியில் அவர் குரலுக்கென்றே ரசிகர்கள் உண்டு. வடக்கே போகும் ரயில் ஸ்வோல்ல நிலையத்தில் இரண்டாகப் பிரியும். அதற்கு முன் அவர் சொல்வார்: "முன்பாதி க்ரோனிங்கன், பின்பாதி லேவார்டன். பார்த்து உட்காருங்க மக்களே. தப்பா உட்கார்ந்தாலும் போய்ச் சேர்ற ஊர் நல்ல ஊர்தான். ஆனா உங்க அத்தை அங்க இருக்க மாட்டாங்க."

சட்டம் என்றால் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. இருக்கையில் காலை நீட்டியவர்களை ஒரு பார்வையிலேயே மடக்க வைப்பார். பேசக்கூடாத பெட்டியில் யாராவது முணுமுணுத்தால், வாய் திறக்காமல் கண்ணாடியில் எழுதியிருப்பதை ஒற்றை விரலால் காட்டுவார். மனைவி அலெய்தாவோடு அந்தப் பெட்டியில்தான் ஏறுவார். சத்தம் கூடினால் அவளுக்குத் தலைக்குள் எல்லாம் சரிந்துவிடும்.

வாரம் ஒரு பயணம். காலை நெரிசல் அடங்கட்டும் என்று காத்திருந்து கிளம்புவார்கள். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, குடுவையில் காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். லைடன் ஊர்த் தாவரத் தோட்டத்தில் அலெய்தா செடிகளின் பெயர்ப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போவாள். கடைசிவரை போய்விட்டு, முதல் முறை வந்தவள் மாதிரி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். டெல்ஃப்ட் ஊர்த் தேவாலயத்தில், எந்தக் காலத்திலோ இறந்த இளவரசரின் கல்லறையைக் காட்டியவரிடம், "இப்ப அவருக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரித்தாள். அந்த மனிதர் திகைத்து நிற்க, ஏவர்ட், "நல்லாத் தூங்குறாராம்" என்று அவள் கையைப் பிடித்து நகர்த்தினார்.

வீட்டில்தான் முடியவில்லை. தன் வீட்டுக் கூடத்தில், தானே தைத்த திரைச்சீலைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "நாம எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்பாள். இதுதான் வீடு என்றால் அழுவாள். நாளைக்கு என்றால் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்குவாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இருக்கும் ஒரே இடம் திரும்பி வரும் ரயில். அங்கே அவள் கேட்பாள். அவரும் பொய்யில்லாமல், "போய்க்கிட்டேதான் இருக்கோம், கண்ணு" என்பார். அவள் நிம்மதியாகத் தலை சாய்ப்பாள். இதற்காகத்தான் பயணம். தோட்டமும் கோபுரமும் சாக்கு. இதை அவர் கோரியிடம் சொல்லவில்லை, மார்லூஸிடமும் சொல்லவில்லை.

போன வசந்தத்தில் அதிலும் ஓட்டை விழுந்தது. ரயிலுக்குள் அவர் அவளுக்குக் கணவர் இல்லை என்றாகிவிட்டது. "கண்டக்டரே, என் வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?" என்பாள். "அடுத்த பெட்டியில இருக்கார்மா, வந்துடுவார்" என்பார் ஏவர்ட். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பசுக்களைப் பார்ப்பார்.

மார்லூஸுக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. பராமரிப்பு இல்லம் ஒன்றில், கதவு பூட்டிய பகுதியில், ஓர் இடம் காலியாகியிருந்தது. அன்றைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அன்றும் அவர்கள் லேவார்டனில் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். ரயில் ஸ்வோல்லயில் நின்றபோது ஏவர்ட்டின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகள்.

பெட்டியில் ஈ காக்கை இல்லை. அவரும் அவளும் மட்டும்தான். இருந்தாலும் கண்ணாடியில் எழுதியிருக்கிறதே. "இங்கயே இரு. ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடுறேன்" என்றார். "சரிங்க கண்டக்டரே" என்றாள் அலெய்தா, ரொட்டிப் பையை மடியில் அணைத்தபடி. ரயிலை இரண்டாகப் பிரித்து முடிய நேரமாகும் என்று அவருக்குத் தெரியாதா? நடைமேடையில் இறங்கினார்.

"அப்பா, இப்பவாவது சரின்னு சொல்லுங்க."

"பூட்டி வைக்கிற இடம்டி அது."

"நீங்க செஞ்சிக்கிட்டிருக்கிறது மட்டும் என்ன? ஒருநாள் அம்மாவை எங்கயாவது தொலைச்சிட்டு வந்து நிக்கப் போறீங்க."

"நானா?" அவர் குரல் உயர்ந்தது. பேசும்போது நடப்பது பழைய பழக்கம். கால்கள் ரயிலின் தலைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. "என் கண்ணை விட்டு அவ ஒரு நிமிஷம் விலகினதில்ல. கேட்டுக்க. ஒரு நிமிஷம்!"

ஊதல் கேட்டது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குத் துள்ளி ஏறிய உடம்பு. மூளையைக் கேட்காமல் பக்கத்தில் இருந்த கதவில் ஏறியது. கதவு சாத்திக்கொண்டது.

அலெய்தாவிடம் போக இரண்டு பெட்டி பின்னால் நடந்ததும் வழி முடிந்துவிட்டது. கடைசியில் ஓட்டுநர் அறை, பூட்டியிருந்தது. அதன் கண்ணாடிக்கு அப்பால் வெறும் தண்டவாளம். தூரத்தில், நடைமேடையோரம், பின்பாதி ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கச் சிறுத்தது.

அந்த முன்பாதியின் கண்டக்டர் ஒரு சின்னப் பெண். ஏவர்ட் சொல்லச் சொல்ல, பின்னால் வரும் ரயிலின் கண்டக்டரைப் போனில் அழைத்தாள்.

"என்ன போட்டிருக்காங்க, ஐயா?"

"நீல மேலங்கி. பேரு அலெய்தா. புருஷன் எங்கன்னு அவகிட்டக் கேக்கச் சொல்லாதம்மா. குழம்பிடுவா."

அங்கிருந்து பதில் வர நேரமாயிற்று. அதற்குள் பின்பாதி ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியிருந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள், தலை குனிந்தாள். "மேலங்கி இருக்கையில கிடக்காம். ரொட்டிப் பையும் இருக்காம். அவங்க இல்ல. சீருடை போட்ட ஒருத்தர் மெப்பல் நிலையத்துல இறங்கினாராம், வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற எங்க ஆளு. ஒரு அம்மா அவர் பின்னாலயே வேகமா இறங்கிப் போனதைப் பார்த்தேன்னு ஒரு பயணி சொல்றாராம். நிலையத்துக்குச் சொல்லியிருக்கோம், ஐயா."

"இந்த ரயில் எங்க நிக்கும்?" என்று கேட்டார் ஏவர்ட். அவருக்குத் தெரியாத நிலையமா? ஆசன் நிலையம் வரை நிற்காது.

கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து அலெய்தாவின் எண்ணை அழுத்தினார். பெரிய பொத்தான் வைத்த போன். கயிற்றில் கோத்து அவரே அவள் கழுத்தில் மாட்டியது. மணி போயிற்று. அப்போதுதான் நினைவு வந்தது: காலையில் பெட்டியில் ஏறியவுடன் அதன் சத்தத்தை அணைத்ததும் அவருடைய விரல்தான். இப்போது அது அவள் மார்மேல் அதிர்ந்துகொண்டிருக்கும். நெஞ்சுதான் படபடக்கிறது என்று அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள்.

எதிரில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்தாள். "ஐயா, இது பேசக்கூடாத பெட்டி" என்றாள், மெதுவாக. கண்ணாடியைக் காட்டினாள்.

ஏவர்ட் எழுத்துகளைப் பார்த்தார். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியை முழுதாகத் திறந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவற்றின்மேல் அதை வைத்துக்கொண்டார். பெட்டி முழுக்க மணி போய்க்கொண்டிருந்தது.