மூன்று போன்களில் அழித்த புள்ளி

நான் ஒரு மடையன். ஊரில் பலருக்கு இது பழைய செய்தி. உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: ஸ்டெல்லாவின் வீட்டுக்குள் சேறு புகுந்தது என்னால்தான்!

சாம்பியன் ரீப்ஸில், பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மேட்டின் அடியில் இருக்கின்றன, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள். பெருமழை பெய்தால் மேட்டின் சாம்பல் நிற மண் கரைந்து வாசலுக்கு வரும். இப்போதெல்லாம் மழை பெருமழையாகவே பெய்கிறது. எங்கே தடுப்புச்சுவர் வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்யட்டும் என்று ஒரு செயலி வந்தது. வரைபடத்தில் நம் வீட்டின்மேல் புள்ளி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பேசிப் பதியலாம்.

நானும் பேசினேன். "ஓ மழையே!" என்று தொடங்கி... பதிவுகளைக் கேட்க ராபர்ட்சன்பேட்டையில் கூட்டிய கூட்டத்தில் அதை ஒலிக்கவிட்டபோது ஒருவர் இருமினார். அவ்வளவுதான்.

அடுத்து, எங்கள் வரிசைக்குப் பின்னால் இருக்கும் பின்லைனில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கும் ஸ்டெல்லாவின் குரல். "மச்சினன்கூட செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள வருவான். இந்தச் சேறு நேரா வந்து கட்டில்மேல குந்திக்குது!"

கூடமே குலுங்கியது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு! இருபது வருடமாக இந்த லைனைச் சிரிக்க வைப்பவன் நான். சாவு வீட்டிலும் எனக்குத்தான் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியை ஒரு நிமிடத்தில் ஒருத்தி இழுத்துக்கொண்டால்... உங்களுக்கு எரியாதா? எனக்கு எரிந்தது.

அக்கம்பக்கத்தார் மூவர் 'உண்மையில்லை' என்று அழுத்தினால் புள்ளி மறைந்து, அந்த வீட்டுக்கான சுவர் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போகும். என் போனில் அழுத்தினேன். மகன் போனில் அழுத்தினேன். மனைவியின் போனை எடுத்தேன்.

"இன்னாத்துக்கு என் போனு?"

"சார்ஜ் கீதான்னு பாக்கறேன்."

மறுநாள் ஸ்டெல்லா வந்து நின்றாள். "அண்ணா, என் புள்ளியக் காணமே?"

"மழைக்குப் பயந்து ஓடிப்போயிருக்கும்!"

சிரித்தாள். என்னை நம்பித்தான் சிரித்தாள். எனக்கோ... சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சிரிப்பு இனித்தது! அன்றே சொல்லியிருந்தால் புள்ளியைத் திரும்ப வைத்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இன்னொரு கூட்டத்திலும் அவள் குரலைக் கேட்க வேண்டுமே என்ற பயம்தான்.

முதல் கட்டச் சுவர் எங்கள் லைனோடு நின்றது. போன வாரம் கொட்டிய மழையில் மேடு கரைந்தது; சேறு சுவரில் முட்டி, திரும்பி, முழுவதுமாக அவள் வீட்டுக்குள் போனது. மிஷின் மோட்டார் போயிற்று. யாருடைய கல்யாணத்துக்கோ தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. என் வாசல் காய்ந்திருந்தது.

மண்வெட்டியோடு போனேன். அவள் முறத்தால் சேற்றை வாரிக்கொண்டிருந்தாள். மூன்று போன்களையும், கூட்டத்தில் எழுந்த சிரிப்பையும், என் எரிச்சலையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் நிமிரவில்லை.

"இன்னாண்ணா, இதுக்கும் சிரிக்கணுமா?"