கிட்ட வராத விளக்கு

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ராயபுரத்திலிருந்து காத்திவாக்கத்துக்கு வாக்கப்பட்டுப் போன புதிதில், பக்கத்தில் அனல் மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போவார்கள். பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால் எனக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற?" என்பார் மாமியார்.

ஓர் ஆடி மாதம், இருட்டியும் அவர்கள் திரும்பவில்லை. இப்படி நேர்ந்தால் எங்கள் குப்பத்துப் பெண்கள் கரையில் பனையோலை எரிப்போம். கடலில் இருப்பவர்களுக்கு அதுதான் அடையாளம். அவர்களுடைய அரிக்கேன் விளக்கு தெரிந்ததும் மணலைப் போட்டு அணைத்துவிடுவோம். ஓலையை வீணாக்க யாருக்கும் மனசு வராது. அன்றைக்கும் கொளுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

தெற்கே கடலை ஒட்டினாற்போல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"வந்துட்டான் என் புள்ள! போய் உலை வை" என்று மாமியார் நெருப்பின் மேல் மணலைத் தள்ளினார்.

நான் போகவில்லை. அலையில் வரும் விளக்கு மறைந்து மறைந்து தெரியும். இது மறையவேயில்லை, கிட்டவும் வரவில்லை.

"அத்தை, அது நட்சத்திரம்!"

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய ராட்சத நட்சத்திரம் அது என்று வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அது அரிக்கேன் அளவுக்குத்தான் இருந்தது. இருந்த ஓலையெல்லாம் போட்டு மறுபடி கொளுத்தினேன். கை சுட்டது, விடவில்லை.

நெருப்பு தணிந்த பிறகு என் வீட்டுக்காரர் கரையோரமாக நடந்தே வந்தார். திருவொற்றியூரில் ஒதுங்கினார்களாம், தம்பி கட்டுமரத்துக்குக் காவலாம்.

"காத்து எங்கள வடக்கால தள்ளிடுச்சி. நீங்க வச்ச நெருப்பப் பாத்துகினே துடுப்பு போட்டோம். எவ்ளோ போட்டும் கிட்டவே வரல" என்றார்.

"எந்த நெருப்பு?"

நட்சத்திரம் இருந்த தெற்குப் பக்கம் கை காட்டினார். "நடுவுல கரையில இன்னொரு நெருப்பு பெருசா எரிஞ்சிது. வேற குப்பம்னு தாண்டிப் போயிட்டோம்."

அதுதான் என் நெருப்பு. சுட்ட கையாலேயே அவர் முதுகில் அடித்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் சிரித்தார். விடியட்டும், கட்டுமரத்தை எடுக்க வேண்டும் என்றார்.