கேட்காமல் அழிப்பது

“நெசமாவா?” என்று கேட்கிறார் றோசலின். தேநீருக்குச் சீனி போட்டாயிற்று என்றுதான் சொன்னேன். ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே நம்புகிறார்.

ஹட்டன் கடைவீதியில், ஒரு மாடியில் அவருடைய கணினி வகுப்பு. பக்கத்து அறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். மாலையில் கதவைப் பூட்டிப் பாதிப் படி இறங்கியவர், திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிள்ளைகள் கேலி செய்வது தெரியும். “களவு போனா சிரிப்பாங்களா சேர்?”

கணினியில் அவருக்கு மிகப் பிடித்தது, எதையாவது அழிக்கப் போனால் “உறுதியா?” என்று அது கேட்பது. “பெரிய மனுசங்ககிட்டயே இல்லாத மரியாத சேர் அது.”

இன்று அந்த மரியாதைக்கு வழியில்லை. நாளை பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. புதிய தட்டச்சு மென்பொருளைப் போடப் பழையது போக வேண்டும். வழக்கம்போல நீக்கினால், கேள்வி கேட்கும் இடத்திலேயே இந்தக் கிழட்டு யந்திரங்கள் உறைந்துவிடுகின்றன. கறுப்புத் திரையில் கட்டளையை எழுதிக் கடைசியில் ஒரு சாய்கோடும் எஸ் எழுத்தும் போடச் சொல்லியிருக்கிறார் மென்பொருளை விற்ற கொழும்பு ஆள். போட்டால் கணினி எதுவும் கேட்காது, எதுவும் சொல்லாது. சத்தமில்லாமல் அழித்துவிடும்.

பரீட்சையில் காட்ட வேண்டிய பயிற்சிகளும், பிள்ளைகளின் பெயர் பெயராக, இதே கணினியில்தான். அதிலேயே வேறொரு கோப்புறைக்கு மாற்றியாயிற்று, பிளொப்பித் தட்டிலும் பிரதி எடுத்தாயிற்று. ஆனால் இந்த ஈரத்தில் பிளொப்பிக்கும் பூஞ்சணம் பிடிக்கும். அவருடைய விரல் என்டர் மேல் நிற்கிறது.

“எங்க அப்பாவ இப்புடித்தாங்க தோட்டத்துல பேர் வெட்டுனாங்க,” என்கிறார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, எல்லாரு பேரும் கூப்புடுறாங்க. இவரு கைய தூக்க ரெடியா நிக்கிறாரு. கூப்புட்டு முடிஞ்சிருச்சு. சூசைரட்ணம்ங்கிற பேரு மட்டும் வரல. ஏன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போன பொறவும் அங்கயே நின்னாராம்.”

அழுத்திவிட்டார்.

திரையில் ஒன்றுமில்லை. அடுத்த கட்டளைக்காக ஒரு கோடு மினுங்குகிறது, அவ்வளவுதான்.

“போயிருச்சா சேர்? பழசு மட்டுந்தானே போயிருக்கும்?”

எனக்கென்ன தெரியும்? “ஆமாம்” என்றேன். அவர் நம்பவில்லை.

பயிற்சிகளை மாற்றி வைத்த இடத்தைத் திறந்து, பிள்ளைகள் இல்லாத வகுப்பில் கோப்புகளின் பெயர்களை உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

“தர்சன்.”

“யசோதினி.”

“அழகன்.”

ஒவ்வொரு பெயருக்கும், அந்தப் பிள்ளைக்குப் பதிலாகத் தன் கையைத் தூக்கினார்.